நம் தரப்பில் ஒருவர்

தேச பேரிகையின் தலைப்பில் செத்துப்போனவர்கள் முதன்முதலாக எங்கள் ஊருக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ரயில் வந்து நின்று, நான் பத்திரிகைக் கட்டைத் தோளில் தூக்கி, கடைவரை நடந்து, கயிற்றை அறுத்து, முதல் தாளை விரித்து, 'வடக்கு எல்லையில் 43 எதிரிகள் பலி' என்று பெரிய எழுத்திலும் 'நம் தரப்பில் இழப்பு ஏதும் இல்லை' என்று அதற்குக் கீழே சின்ன எழுத்திலும் இருந்ததைப் படித்து முடிப்பதற்குள், ஸ்டேஷன் பக்கத்துத் திடலில் நாற்பத்து மூன்று பேர் வரிசையாகக் கிடக்கிறார்கள் என்று சேதி வந்துவிட்டது. ஏன் எங்கள் ஊருக்கு என்று யாரும் கேட்கவில்லை. கல்லுமடைதான் அந்தத் தடத்தில் கடைசி ஸ்டேஷன். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது, உப்பளம்தான். வருகிறது எதுவானாலும் இங்கேதான் இறங்கியாக வேண்டும்.

நான் சொரிமுத்து. பேரிகைக்கு இந்த ஊர் ஏஜெண்டு. சண்டை தொடங்கிய வருஷமே மற்ற பத்திரிகைகளை எல்லாம் மூடிவிட்டார்கள், ஆகவே ஊரில் இருக்கிற ஒரே பத்திரிகை ஏஜெண்டும் நான்தான். அதோடு துட்டிச் சங்கத்துக்குச் செயலாளர். சாவு விழுந்த வீட்டுக்குப் பந்தலும் நாற்காலியும் சுக்குக்காப்பி அண்டாவும் கொண்டுபோய் இறக்கி, ஆள் அனுப்பி, குழி வெட்டி, எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிடுகிற வரைக்கும் கூட நிற்பது சங்கத்தின் வேலை. எனக்கு முன்கோபம் என்று ஊரில் சொல்வார்கள். இருபத்து மூன்று வருஷம் துட்டி வீட்டில் நாற்காலி எண்ணிப் பார்த்தால் யாருக்கும் வரும்.

திடலுக்குப் போய்ப் பார்த்தேன். பத்தடி தள்ளி நின்றால் மனுஷன்தான், சாம்பல் நிறத்தில், பட்டாளத்து உடுப்போடு, வாயைத் திறந்துகொண்டு கிடந்தான். கிட்டப் போகப் போக முகம் கலைந்துகொண்டே போய், குனிந்து பார்க்கும்போது வெறும் கறுப்புப் புள்ளிகளாக ஆகிவிட்டது, பத்திரிகைப் படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் தெரிகிற அதே புள்ளிகள். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. தூக்கினால் நனைந்த காகிதக் கட்டின் கனம். நாற்பத்து மூன்று பேருக்கும் ஒரே முகம், ஒரே பூட்ஸ், இடதுகால் பூட்ஸில் மட்டும் நாடா இல்லை. பேரிகைக்காரன் போன வருஷத்திலிருந்து அந்த ஒரே படத்தைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான், அதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சங்கத்துத் தலைவர் கோயில்பிள்ளை வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சங்க விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "ஊர் எல்லைக்குள்ள கிடக்கிற எந்தச் சவத்துக்கும்னு எழுதியிருக்கு வே. எதிரின்னோ சேக்காளின்னோ எழுதல. பந்தலப் போடும்" என்றார்.

"இது ஒருநாளும் உசுரோட இருந்த சவம் இல்லையே, சார்" என்றேன்.

"உசுரோட இருந்திருக்கணும்னும் எழுதல."

போட்டோம். வேறு வழியும் இல்லை. எங்கள் ஊரில் தெருவில் சவம் கிடக்கும்போது எந்த வீட்டிலும் உலை வைக்க மாட்டார்கள், எடுத்து அடக்கிய பிறகுதான் அடுப்பில் நெருப்பு. திடலைச் சுற்றி நான்கு தெரு, எல்லா வீட்டிலும் பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் நான்கு பேரை எரித்துப் பார்த்தோம், சாம்பல் பஞ்சாய்ப் பறந்து போய்க் கொடியில் காய்ந்த துணியெல்லாம் கறுப்பாகிவிட்டது, அதனால் மீதிப் பேரை உப்பளத்து ஓரமாகக் குழிவெட்டிப் புதைத்தோம். மத்தியானம் இரண்டு மணிக்கு ஊர் முழுக்க ஒரே நேரத்தில் அடுப்புப் புகை எழும்பியது.

மறுநாள் தலைப்பில் 51. திடலில் ஐம்பத்தொன்று.

அழுகிறதுக்குத்தான் ஆள் இல்லை. அழாமல் சவத்தை எடுக்கிற வழக்கமும் எங்களுக்குக் கிடையாது, பெண்கள் ஒதுங்கி நின்று சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுவளுக்கு ஆருன்னு சொல்லி அழ" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது என் தங்கச்சி புஷ்பக்கனி வந்தாள். அவளைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அவளுக்கு ஒரே மகன், பொன்லிங்கம். பதினாலு மாசத்துக்கு முன்னால் சந்தைக்குப் போனவனை லாரியில் ஏற்றிப் பட்டாளத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது மாசம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. ஆள் பிடிக்கிற ஆபீசுக்கு அவள் பதினோரு தடவை நடந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்த அதிகாரி மேஜைமேல் கிடந்த பேரிகையை அவள் பக்கம் திருப்பி வைத்து, "நம்ம பக்கம் இழப்பே இல்லைன்னு போட்டிருக்கும்மா, அப்போ ஒன் மவன் எப்படிச் செத்திருப்பான்?" என்று கேட்பான். செத்தான் என்று சொல்லி அவள் வீட்டில் உட்கார்ந்து அழவும் முடியாது. பட்டாளத்துப் பிள்ளைக்கு அழுதால் பேரிகையைப் பொய் என்று சொன்ன குற்றம். கீழத்தெருவில் ஒருத்தியை அப்படிப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

புஷ்பம் அந்த வரிசையில் கடைசியாகக் கிடந்தவனிடம் போய், கலைந்த முகத்துக்குப் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு, நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொண்டு அழுதாள். ஐந்து மாச அழுகை. பெயர் சொல்லவில்லை, ராசா என்றும் கண்ணு என்றும் மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி இன்னொரு உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், பிறகு மூன்று பேர், பிறகு பட்டாளத்துக்குப் பிள்ளை கொடுத்த எல்லா வீட்டுப் பெண்களும் வந்து ஆளுக்கு ஒரு சவத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டு என்ன செய்வது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, கடைசியில் எதிரி செத்ததற்கு ஊர்ப் பெண்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்ததாக அறிக்கை எழுதிக்கொண்டு போனார். நல்ல மனுஷன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படியே அது எங்களுக்குப் பழகிப்போயிற்று. எதுதான் பழகாது. காலையில் என் கடைக்கு ஓடிவருகிறவர்கள் செய்தி படிக்க வரவில்லை, எத்தனை குழி என்று கேட்க வந்தார்கள். அறுபத்தெட்டு என்றால் மண்வெட்டிக்காரர்கள் அறுபத்தெட்டுக்குத் தக்கபடி ஆள் கூட்டிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்துச் சோற்றுக்கூடத்தில் உலை வைக்க முடியாததால் பிள்ளைகளுக்கு அவல் நனைத்துக் கொடுத்தார்கள். முகூர்த்தம் எல்லாம் சாயங்காலத்துக்கு மாறிற்று. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீடு திடலிலிருந்து எத்தனை தெரு தள்ளி என்று விசாரித்தார்கள். நாற்காலிகளைச் சங்கத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிறதை விட்டுவிட்டோம், பந்தலைப் பிரிக்கிறதையும் விட்டுவிட்டோம். தலைநகரிலிருந்து தகவல் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, சுற்றிப் பார்த்து, மற்ற ஜில்லாக்காரர்கள் வெற்றியைக் காதால் கேட்கிறார்கள், நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள், கொடுத்துவைத்தவர்கள் என்று பேசி, சுக்குக்காப்பி இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போனார். அவர் போன மறுநாள் நூற்றுப் பத்து வந்தது. உப்பளத்தில் பாதி குழியாகிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை பத்து மணி வாக்கில் புஷ்பம் என் கடைக்கு வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பேரிகையை எடுத்து மடியில் விரித்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். சின்ன எழுத்து வரியை விரலால் தடவித் தடவிப் படித்தாள்.

"அண்ணே, இதுல போட்டா வருது."

"ஆமா."

"போடாதது வரல்ல."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"நம்ம பக்கம் ஒண்ணுன்னு போடச் சொல்லு. என் பிள்ள வந்துருவான்."

நான் திட்டினேன். கோட்டி பிடித்துவிட்டதா என்று கேட்டேன், அவனவன் தலையைக் காப்பாற்றிக்கொண்டு கிடக்கிற காலத்தில் பத்திரிகை ஆபீசில் போய் நம்ம பக்கம் சாவு போடு என்று கேட்கிறவளை உயிரோடு விடுவானா என்று கேட்டேன். "எனக்கு அவன் உசுரோட வேணும்னு கேக்கலண்ணே. அந்த ஆசையெல்லாம் போயிட்டு. அவன் கால அமுக்கி, குளிப்பாட்டி, அவங்க அப்பாவுக்குப் பக்கத்துல வச்சாப் போதும். ஊரான் படத்துக்கு எத்தன நாள் அழுவேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, திங்கள்கிழமை மத்தியானம் தலைநகரில் பேரிகை ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏஜெண்டு என்பதால் உள்ளே விட்டார்கள். ஆசிரியர் பெயர் ஞானவரதன், மெலிந்த ஆள், மேஜையில் மாத்திரை டப்பாவும் மூடிவைத்த மோர் டம்ளரும். மணி இரண்டே முக்கால். ஒருத்தன் ஈரத் தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தான். நாளைய தலைப்பு, எண் மட்டும் போடாமல் இடம் விட்டிருந்தது. அவர் பென்சிலை எடுத்து 125 என்று எழுதினார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஐயா, இன்னைக்குச் சண்ட இன்னும் முடியலையே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "தெற்குப் பதிப்பு மூணு மணிக்கு மெஷின் ஏறணும் சார். நாலு பத்து ரயில விட்டா உங்க ஊருக்குப் பேப்பர் கிடையாது. போர்முனை அறிக்கை சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வரும். என்ன செய்யச் சொல்றீங்க? முந்தாநாளவிட நேத்து கூட இருந்தா, நேத்தைவிட இன்னைக்குக் கூட இருக்கணும். நாங்க போடறத வச்சு ஆறு மணிக்கு அவங்க அறிக்கையைச் சரிபண்ணிடுவாங்க. இதுவரைக்கும் ஒருநாள்கூட எண்ணு தவறினதில்ல" என்றார். அதைப் பெருமையாகச் சொன்னாரா அலுப்பில் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அவை எல்லாம் எங்கள் திடலில் வந்து கிடப்பதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆச்சரியப்படவில்லை. எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும் என்றார்.

புஷ்பம் எழுந்து நின்று கையைக் கூப்பினாள். "ஐயா, என் மவன் பேரு பொன்லிங்கம், இடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும், அவன..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். விண்ணப்பம் எழுதிப் பழகினவன் நான். எந்த ஆபீசில் எதை எப்படிக் கேட்கணும் என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. "ஏட்டி, தலைப்புல பேரெல்லாம் போட மாட்டாவ, எண்ணுதான் போடுவாவ. நீ பேரச் சொன்னா அவர் பயந்து அதையும் போட மாட்டாரு" என்று அவள் காதுக்குள் சொல்லிவிட்டு, அவரைப் பார்த்து, "நம்ம தரப்புல ஒருத்தர், அவ்வளவுதான் ஐயா. ஒண்ணே ஒண்ணு. எங்க ஊருக்குப் போற கட்டுல மட்டும்" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தெற்குப் பதிப்பை இங்கே யாரும் பார்ப்பதில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். புஷ்பத்தின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு 'இழப்பு ஏதும் இல்லை' என்ற வரியை அடித்துவிட்டு, 'ஒருவர் பலி' என்று எழுதி, தாளைக் கொடுத்தனுப்பிவிட்டு, மோரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். எங்களை உடனே போகச் சொன்னார்.

அதே நாலு பத்து ரயிலில், பத்திரிகைக் கட்டுகள் ஏறிய பெட்டிக்கு அடுத்த பெட்டியில் நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். ஸ்டேஷன் வாசலில் புஷ்பம் சவத்துக்கு உடுத்த ஒரு கோடி வேட்டி வாங்கியிருந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு, அவனுக்கு எந்தச் சட்டை போடுவது, குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவருகிற நீர்மாலைக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஐந்து மாசத்துக்குப் பிறகு அவள் இரண்டு இட்லி முழுசாகச் சாப்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு பிள்ளை வீட்டுக்கு வருகிறான் என்கிற சேதி எங்களுக்கு முன்னாலேயே எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. ரயில் நின்றபோது திடலில் ஊரே கூடியிருந்தது. புள்ளி முகக்காரர்கள் நூற்று இருபத்தைந்து பேர் வரிசையாகக் கிடந்தார்கள். தனியே வேப்பமரத்தடியில் ஒருவன் கிடந்தான். அவனுக்கு நிறம் இருந்தது. மாநிறம், சட்டையில் ரத்தம் சிவப்பாகவே இருந்தது. ஈ மொய்த்தது. மற்றவர்களை ஈ தொட்டதே இல்லை.

புஷ்பம் கோடியைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். பத்தடியில் அது மனுஷ முகம். ஐந்தடியிலும் அதே முகம். குனிந்தாள், முகம் கலையவில்லை. புருவத்தில் தழும்பு இல்லை.

"என் பிள்ள இல்லண்ணே" என்று என் பக்கம் திரும்பினாள். திரும்பின முகத்தில் சந்தோஷம் இருந்தது. நான் கூடப்பிறந்தவன், எனக்குத் தெரியும், அது சந்தோஷம்தான். சவமாய் வந்தால் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவளுக்கு, அவன் இல்லை என்றதும் அப்படி ஒரு முகம்.

அவளுக்குப் பக்கத்தில் துணைக்கு நின்றது வள்ளிமயில். புஷ்பத்தோடு சேர்ந்து அழுவதற்காகக் குளித்து முழுகி ஈரத்தலையோடு வந்தவள். அவள் மகன் சுயம்புவுக்குச் சண்டையிலிருந்து எண்பது மைல் தள்ளி, பின்னணி முகாமில் சமையல்கட்டில் வேலை கிடைத்திருந்தது. போன வியாழக்கிழமைதான் கடிதம் வந்தது, நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டு எழுதியிருந்தான். ஜாடி வாயைத் துணியால் வேடு கட்டித் தயாராக வைத்திருந்தாள். புஷ்பத்தின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள் வள்ளிமயில். மெல்ல உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"சூடா இருக்கு மைனி" என்றாள். "இன்னும் சூடு ஆறல."

நானும் தொட்டேன். ஆறவில்லைதான்.

எடுத்தோம். எல்லா முறையும் செய்தோம், கோடி புஷ்பம் வாங்கி வந்ததுதான். ஆனால் இத்தனை நாளாகப் புள்ளிச் சவங்களுக்கு மாரடித்துத் தொண்டை கட்டிப்போன பெண்கள், அன்றைக்கு ஒருத்தரும் வாய்விட்டு அழவில்லை. ஒவ்வொருத்தியும் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றாள் என்று நினைக்கிறேன். நேற்றே அச்சாகி ரயிலேறின எண்ணுக்கு இன்றைக்குக் காலையில் ஆள் சூட்டோடு வந்திருக்கிறான் என்பது, சமையல்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தவனைக் கொண்டு எண்ணைச் சரிபண்ணியிருக்கிறார்கள் என்பது, யாரும் விளக்காமலே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. யார் போய் எழுதவைத்தார்கள் என்பது மட்டும் எனக்கும் புஷ்பத்துக்கும்தான் தெரியும். பிள்ளை வருகிறான் என்றுதான் ஊருக்குச் சேதி போயிருந்தது, எப்படி என்று போகவில்லை.

மறுநாள் பேரிகையில் ஒரு திருத்தம் வந்தது. தெற்குப் பதிப்பில் அச்சுப் பிழை நேர்ந்துவிட்டதாகவும், நம் தரப்பில் இழப்பு ஏதும் இல்லை என்று திருத்தி வாசிக்குமாறும் போட்டிருந்தார்கள். ஆசிரியர் பெயர் இருந்த இடத்தில் வேறொரு பெயர் இருந்தது. ஏட்டு வந்து, சங்கத்துப் புத்தகத்தில் சுயம்பு பெயர் எழுதிய பக்கத்தைக் கிழித்துக் கொடுக்கச் சொன்னார். முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டார். கோயில்பிள்ளை வாத்தியார் கிழித்துக் கொடுத்தார். 130, 140, 165 என்று வருகிறது வந்துகொண்டே இருந்தது, குழியும் வெட்டிக்கொண்டே இருந்தோம். ஒன்று மட்டும் மாறிப்போனது. காலையில் கடைக்கு வருகிறவர்கள் இப்போது பெரிய எழுத்தைப் பார்ப்பதில்லை. தாளை விரித்ததும் நேரே சின்ன எழுத்து வரிக்குப் போய், 'இல்லை' என்று முடிகிறதா என்று பார்த்து, மூச்சு விட்டு, பிறகுதான் குழி எத்தனை என்று கேட்கிறார்கள். பொய் என்று தெரிந்தே, அந்த வரி அப்படியே இருக்க வேண்டும் என்று ஊரே சாமி கும்பிட்டது. புஷ்பமும் கும்பிட்டாள்.

பதினாறாம் நாள் விசேஷத்தை வெளியே பந்தல் போட்டுச் செய்யக் கூடாது என்று உத்தரவு. வள்ளிமயில் வீட்டுக்குள்ளேயே படையல் போட்டாள். நான்கு பேர்தான் போனோம். இலை எடுத்த பிறகு, அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, புஷ்பம் அவள் எதிரே போய்த் தரையில் கையை ஊன்றி, "வள்ளி, நான்தான். நான்தான் போய்க் கேட்டேன். நம்ம பக்கம் ஒண்ணு போடுங்கன்னு பத்திரிகையாபீசுல கேட்டது நான்தான். எம் பிள்ள வருவான்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டாள். சொல்லாதே என்று வழியெல்லாம் நான் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

அடிப்பாள், மயிரைப் பிடித்து இழுப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் நடுவில் போய் நிற்கத் தயாராக இருந்தேன். வள்ளிமயில் அசையவில்லை.

"கேட்டது சரி மைனி" என்றாள். "ஒங்க பிள்ள பேரச் சொல்லிக் கேட்டிருக்கப்படாதா?"

புஷ்பம் என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"மறந்துட்டேன் வள்ளி" என்றாள்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.